எக்ஸ் எக்ஸ் விழுக்காடு

மாதிரிப் பக்கங்கள் இலவசம்.
முழு அறிக்கைக்கு நாலாயிரத்து ஐந்நூறு டாலர்.
தேனப்பன் இலவசத்தை மட்டும் அச்செடுத்து
என் மேசையில் போட்டுவிட்டு
பேங்குக்குப் போகச் செருப்பைத் தேடினார்.

'உலகச் சிறப்பு ரசாயனச் சந்தை
வரும் எட்டாண்டில் எக்ஸ் எக்ஸ் விழுக்காடு வளரும்.
ஆசியாவின் பங்கு எக்ஸ் எக்ஸ்.
முன்னணி நிறுவனங்கள் பன்னிரண்டு.'

பன்னிரண்டில் நாங்கள் இல்லை.
காரைக்குடி சிட்கோவில் எங்கள் கேட்டுக்கு எதிரே
புரோட்டாக் கடை போட்டிருக்கும் சபியுல்லாவுக்கே
நாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரியாது.
சோப்பு என்று நினைக்கிறார்.
நானும் திருத்தவில்லை.

எப்படித் திருத்துவது?
ஆயிரம் லிட்டர் நிக்கல் தொட்டிக்குள்
நாலைந்து லிட்டர் ஊற்றுகிற திரவம்.
ஊற்றினால் குழாய் மினுங்கும்,
ஊற்றாவிட்டால் மழைநாள் மாதிரி மங்கும்.
தண்ணீர் இரண்டிலும் வரும்.
வாங்குகிறவன் குழாயைப் பார்க்கிறான்,
குழாய்க்காரன் முலாம்காரனைப் பார்க்கிறான்,
முலாம்காரன் கேனைப் பார்க்கிறான்,
கேனில் கோணலாக ஒரு ஸ்டிக்கர்.
அதற்குப் பின்னால் நாங்கள் ஒன்பது பேர்.

சிறப்பு என்பதற்கு
இந்தத் தொழிலில் இவ்வளவுதான் பொருள்:
கொஞ்சமாகப் போட வேண்டும்,
போடாவிட்டால் தெரிய வேண்டும்.
உப்பு மாதிரி என்று சொல்ல வந்தேன்.
உப்பு டன் கணக்கு,
அது வேறு சந்தை.

மே மாதம் நிங்போவிலிருந்து
மூலப்பொருள் கிலோ எண்ணூற்றுப் பத்து.
ஜூலையில் ஆயிரத்து நாற்பது.
செப்டம்பரில் கப்பலே இல்லை.
அக்டோபரில் அவர்களே எங்கள் திரவத்தைச் செய்து
எங்கள் மூலப்பொருளைவிடக் குறைந்த விலைக்கு
ராஜ்கோட்டில் இறக்கினார்கள்.
ரியாக்டரைக் கழுவிக்கொண்டே காசிலிங்கம் கேட்டார்:
"அப்ப அதையே வாங்கி
நம்ம ஸ்டிக்கர ஒட்டிரலாமே மேடம்?"
எல்லோரும் சிரித்தோம்.
தேனப்பன் சிரிக்கவில்லை,
அவருக்கு அது ஏற்கெனவே தோன்றியிருந்தது.

பிறகு ஏனோ வேண்டாம் என்றார்.
மூலப்பொருளை இங்கேயே காய்ச்சுவது.
அதற்கு இன்னொரு ரியாக்டர்,
ரியாக்டருக்குக் கடன்,
கடனுக்குத் திட்ட அறிக்கை,
திட்ட அறிக்கைக்கு அந்த எக்ஸ் எக்ஸ்.
"அடைக்கலமேரி, நீ எம்.எஸ்ஸி.தானே,
அந்தக் கட்டத்த ரொப்பு."

எனக்குத் தெரிந்த எதிர்காலம் ஒன்றுதான்.
உள்ளங்கை அகலப் பித்தளைத் தகடு,
ஹல் செல்லில் சாய்த்து வைத்து
இரண்டு ஆம்பியர், ஐந்து நிமிடம்.
ஓர் ஓரத்தில் மின்சாரம் நெரியும்,
மறு ஓரத்தில் மெலியும்.
கழுவிப் பார்த்தால்
கருகுவது எங்கே, ஏறாமல் போவது எங்கே,
எல்லாம் ஒரே தகட்டில்.
நடுவில் மூன்று விரற்கடை மட்டும் கண்ணாடி.

அதில் விழுக்காடு எதுவும் எழுதியிருக்கவில்லை.
பக்கத்தில் பி.எச். மீட்டர்
நான்கு புள்ளி இரண்டு என்று காட்டிக்கொண்டிருந்தது.
அதை எழுதினேன்.
பயத்தில் முன்னால் 'ஏறத்தாழ' சேர்த்தேன்.

அந்த வரியில் மேலாளர் பேனாவை நிறுத்தினாராம்.
"அடக்கமாப் போட்டிருக்கீங்க செட்டியாரே.
போன வாரம் ஒருத்தர்
பதினெட்டுன்னு கொண்டாந்தார்."
அடக்கத்துக்காகவே கடன் பாஸானது.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் ரியாக்டர் வந்தது,
புதுவயல் அரிசி லாரிகளுக்கு நடுவில் மாட்டி
மூன்று மணி நேரம் தாமதமாக.
முதல் பேட்ச் மஞ்சள்.
இரண்டாவதும் மஞ்சள்.
தேனப்பன் தினமும் வந்து நிற்கிறார்,
எதுவும் கேட்பதில்லை.
கேட்காமல் நிற்கும் நேரத்துக்கும் வட்டி ஓடுகிறது.

மூன்றாவதை இப்போது தகட்டில் ஏற்றியிருக்கிறேன்.
வெளியே பையன் குரல் கொடுக்கிறான்,
சோப்புக் கம்பெனிக்கு நாலு டீ.
ஐந்தில் ஒரு நிமிடம் போய்விட்டது.
கரண்ட் போகாமல் இருந்தால்
தெரிந்துவிடும்.